கிரேயான் நின்ற இடம்: குழந்தைக்கு நரம்பியல் பரிசோதனை என்றால் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. தரையில் குப்புறப் படுத்து கிரேயானால் பெரிய வட்டம் ஒன்று வரைந்துகொண்டிருந்தாள். கை சட்டென்று நின்றது. கண் எங்கேயோ நிலைகுத்தியிருக்க, இமை மட்டும் லேசாகத் துடித்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. பத்து நொடி இருக்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி, விட்ட இடத்திலிருந்து வட்டத்தைத் தொடர்ந்தாள். தாளை எடுத்துப் பார்த்தேன். கை நின்ற இடத்தில் மெழுகு அப்பி ஒரு சின்னப் புள்ளி. பழைய படங்களைத் தேடி எடுத்தேன். அவற்றிலும் அதே மாதிரி புள்ளிகள் இருந்தன.

அந்தப் புள்ளிக்கு ஒரு பெயர் கிடைக்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. அந்த மாதிரி ஐந்து மாதத்தில் இப்போது இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வலிப்பு, வளர்ச்சித் தாமதம், தசைத் தளர்வு, நடையில் மாற்றம் என்று உங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோன காரணம் வேறாக இருக்கலாம். பாதை ஏறக்குறைய ஒன்றுதான். நான் மருத்துவர் இல்லை, சிகிச்சை முடிவுகள் உங்கள் மருத்துவருடையவை. ஆனால் இரண்டு வேலைகளை நம்மைத் தவிர யாராலும் செய்ய முடியாது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது ஒன்று. பிள்ளையிடம் பொய் சொல்லாமல் இருப்பது இன்னொன்று. கீழே வரும் படிகள் எல்லாமே இந்த இரண்டைச் சுற்றித்தான்.

முதல் படி: பார்த்ததைப் பதிவு செய்யுங்கள்

மருத்துவரின் அறையில் பிள்ளை இருக்கப்போவது இருபது, முப்பது நிமிடம். அந்த நேரத்தில் அது மேஜை இழுப்பறையைத் திறந்துகொண்டு, நாற்காலியில் ஏறிக் குதித்துக்கொண்டு படு உற்சாகமாக இருக்கும். வீட்டில் நீங்கள் பார்த்தது அங்கே நடக்காது. வலிப்பு விஷயத்தில் மருத்துவர் பெரிதும் நம்புவது, நேரில் பார்த்தவர் சொல்வதைத்தான். ஸ்கேன் எல்லாம் அதற்கு அப்புறம்.

1841-ல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் ‘லான்செட்’ மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி அவருடைய சொந்தக் கைக்குழந்தை. தலை முன்பக்கம் குனிந்து குனிந்து நிமிர்வதையும், அது அடுக்கடுக்காக எத்தனை தடவை வருகிறது என்பதையும் அவர் எண்ணி எழுதியிருந்தார். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் முறை வர இன்னும் 80 ஆண்டுக்கு மேல் இருந்தது. இன்றைக்கும் அந்த நோய்க்கு வெஸ்ட் சின்ட்ரோம் என்றுதான் பெயர். அந்தத் தகப்பன் செய்ததைத்தான் நாமும் செய்யப்போகிறோம், கையில் ஒரு போன் கூடுதலாக.

வீடியோ எடுக்கும்போது முகத்தை மட்டும் நெருக்கிப் பிடிக்காதீர்கள். உடம்பு முழுவதும், இரண்டு கை இரண்டு கால் உட்பட, தெரிய வேண்டும். போர்வையை விலக்கி விளக்கைப் போடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், மெதுவாகத் தொடுங்கள். தொட்டால் நிற்கிறதா, நிற்காமல் தொடர்கிறதா என்பது மருத்துவருக்குப் பெரிய தடயம். எல்லாம் முடிந்த பிறகும் இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். எழுந்து விளையாடுகிறதா, குழம்பிப்போய் விழிக்கிறதா, அசந்து தூங்குகிறதா என்பதும் தெரிய வேண்டும். பிள்ளையைப் பத்திரமாக வைப்பது முதல் வேலை, படம் எடுப்பது இரண்டாவது. வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவரிடம் போனைக் கொடுத்துவிடுங்கள்.

நோட்டில் ‘ஃபிட்ஸ் வந்தது’ என்று மட்டும் எழுதினால் அது உங்கள் முடிவு. ‘காலை 7.10. தூங்கி எழுந்து ஐந்து நிமிடம். முதலில் வலது கைவிரல் துடித்தது, அப்புறம் வாய் வலப்பக்கம் இழுத்தது, உதடு நீலம், 50 நொடி, பிறகு ஒரு மணி நேரம் தூக்கம், காய்ச்சல் இல்லை’ என்று எழுதினால் அதிலிருந்து மருத்துவர் முடிவெடுப்பார். நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். பதறிப்போயிருக்கும்போது அரை நிமிடம் ஐந்து நிமிடமாகத் தெரியும்.

போனில் கிடக்கும் பழைய வீடியோக்களை அழித்துவிடாதீர்கள். ஒன்றரை வயதில் பிள்ளை சொன்ன வார்த்தைகள், முதல் நடை, பிறந்தநாள் கூத்து எல்லாம் தேதியோடு இருக்கும். வந்த திறமை பிறகு போய்விட்டதா, முதலிலிருந்தே வரவில்லையா என்ற கேள்வி பெரிய கேள்வி. அதற்கு நம் ஞாபகத்தைவிட அந்த வீடியோ நம்பகமான சாட்சி.

ஆனால் பதிவு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ, மூச்சு சரியாக வராவிட்டாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, ஒரு பக்கம் திடீரென்று செயலிழந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கி எழுந்ததும் அடுக்கடுக்காகக் குனிந்து கையை விரித்தால், பார்ப்பதற்கு எவ்வளவு சின்ன அசைவாக இருந்தாலும், அடுத்த மாத அப்பாயிண்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். வெஸ்ட் எழுதியது அதைப் பற்றித்தான், அதில் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. பேசிய பேச்சோ, நடந்த நடையோ எந்த வயதில் குறையத் தொடங்கினாலும் அதையும் தள்ளிப்போடக் கூடாது.

பயமுறுத்துவதெல்லாம் ஆபத்தாக இருப்பதும் இல்லை. காய்ச்சலோடு வரும் வலிப்பு, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது எந்தத் தடயமும் இல்லாமல் போய்விடும். ஓவென்று அழ ஆரம்பித்து, மூச்சடக்கி, நீலம் பாய்ந்து துவண்டுபோகும் பிள்ளைகளும் உண்டு. அது வலிப்பு நோய் இல்லை. அந்தப் பிள்ளைகள் சிலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். எது எது என்று பிரிப்பது மருத்துவர் வேலை. பிரிக்க உதவுவது உங்கள் நோட்டு.

இரண்டாம் படி: முதல் சந்திப்பு

கர்ப்பகாலம், பிரசவம், பிறந்ததும் அழுததா, எப்போது தலை நின்றது, எப்போது உட்கார்ந்தது, குடும்பத்தில் யாருக்காவது வலிப்போ தசை நோயோ உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பெரியவர்களிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். குடும்பத்தில் மூடி மறைத்த விஷயங்கள் இந்த மாதிரி நேரத்தில்தான் வெளியே வரும்.

பரிசோதனையைப் பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். தலையைச் சுற்றி டேப் வைத்து அளப்பார். தரையிலிருந்து எழச் சொல்வார். தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுகிறதா என்று பார்ப்பது இடுப்புத் தசையின் பலத்தை அறிய. சட்டையைக் கழற்றித் தோலைப் பார்ப்பார், ஏனென்றால் சில நரம்பு நோய்கள் வெளிறிய திட்டுகளாகவோ பழுப்புப் புள்ளிகளாகவோ தோலில் முதலில் தெரியும். கைக்குழந்தை ஒரு கையையே எப்போதும் நீட்டுகிறதா என்று கவனிப்பார். ஒரு வயதுக்கு முன்பே ‘இவன் இடக்கைப் பிள்ளை’ என்று நாம் பெருமையாகச் சொன்னால், அடுத்த கையில் ஏதாவது பலவீனமா என்றுதான் மருத்துவர் யோசிப்பார்.

பரிசோதனை எழுதிக் கொடுத்தால் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: “இதன் முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?” இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தச் சோதனை இப்போதே வேண்டுமா என்று நிதானமாகப் பேசலாம். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கூடவே, முடிவு எத்தனை நாளில் வரும், யார் சொல்வார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பிள்ளையிடம் சொல்வது

இதில்தான் நான் தவறு செய்தேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதல் தடவை ரத்தம் எடுக்கப் போனபோது “வலிக்கவே வலிக்காதுடா கண்ணு” என்று சொன்னேன். வலித்தது. அவள் அழுததைவிட, ஊசி போனபோது திரும்பி என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு முன்னால், இந்தத் தடவை உண்மையிலேயே வலிக்காத ஒன்றைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தபோது கேட்டாள்: “நெஜமா சொல்றியா, அன்னைக்கு மாதிரி சொல்றியா?”

வலிக்கும் என்றால் வலிக்கும் என்று சொல்லுங்கள், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்து. “சுருக்குன்னு இருக்கும். நாம சேர்ந்து பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். நான் கையைப் பிடிச்சுப்பேன்.” அழுதால் அழட்டும். அழுவதும் அசையாமல் இருப்பதும் ஒரே நேரத்தில் முடியும், அதையும் பிள்ளைக்குச் சொல்லலாம். ‘சமத்துப் பிள்ளை அழாது’ என்பது அந்த நேரத்தில் இன்னொரு சுமை.

எப்போது சொல்வது? இரண்டு, மூன்று வயதுக்கு நாளை என்பதே சரியாகப் புரியாது, கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் சொன்னால் போதும். நான்கு, ஐந்து வயதுக்கு முந்தைய நாள். அதற்கு மேல் இரண்டு மூன்று நாள் முன்பு, கேள்வி கேட்க நேரம் கொடுத்து. என்ன சொல்வது என்றால், பிள்ளை பார்க்கப்போவது, கேட்கப்போவது, உடம்பில் உணரப்போவது, நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது. மூளை, நரம்பு விளக்கமெல்லாம் கேட்டால் மட்டும்.

பொம்மைக்கு முதலில் செய்து காட்டுவது நன்றாக வேலை செய்யும். எங்கள் வீட்டில் ஒரு துணிக் கரடியின் தலை முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி, நூல் கட்டி, இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தோம். கரடிக்கு மூன்று தடவை எடுத்த பிறகுதான் மகள் சம்மதித்தாள்.

பேச்சில் ஒரு சின்னத் திருத்தம் தேவைப்படும். “போலாமா? சரியா?” என்று முடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. பிள்ளை “வேண்டாம்” என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? தூக்கிக்கொண்டுதான் போவீர்கள். அப்படியானால் கேட்கவே கேட்காதீர்கள். உண்மையிலேயே விருப்பம் கொடுக்க முடிகிற இடத்தில் கொடுங்கள்: எந்தக் கை, மடியிலா பக்கத்திலா, எந்தப் பொம்மை. அதோடு, “சொன்ன பேச்சு கேக்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்பதை வீட்டில் எல்லோரும் அன்றோடு நிறுத்த வேண்டும், தாத்தா பாட்டி உட்பட. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள், தாங்கள் செய்த ஏதோ தப்புக்குத்தான் இந்தத் தண்டனை என்று தாங்களாகவே நினைத்துக்கொள்வார்கள். கேட்காவிட்டாலும் இரண்டு மூன்று தடவை சொல்லுங்கள்: “நீ எந்தத் தப்பும் பண்ணலை. உன் உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கத்தான் போறோம்.”

பிள்ளை தரையில் விளையாடுகிறதே, கவனிக்காது என்று நினைத்து அதன் தலைக்கு மேலே உறவினரிடம் போனில் பேசாதீர்கள். கவனிக்கும்.

நான்காம் படி: ஒவ்வொரு பரிசோதனையும்

இ.இ.ஜி. தலையில் சுமார் 20 சின்ன உலோகத் தகடுகளைப் பசை வைத்து ஒட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வார்கள். உள்ளே மின்சாரம் எதுவும் போகாது, அங்கிருந்து வருவதை வாங்கிக்கொள்வது மட்டும்தான். முந்தைய நாள் தலை குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். தூக்கத்தில் எடுக்க வேண்டும் என்றால் இரவு தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பச் சொல்வார்கள். போகும் வழியில் வண்டியில் தூங்கிவிட்டால் போச்சு, அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர பின் சீட்டில் ஓர் ஆள் வேண்டும். நடுவில் கண்ணுக்கு எதிரே விளக்கு மின்னும். பெரிய பிள்ளை என்றால் சில நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், சின்னப் பிள்ளையிடம் காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொல்வார்கள்.

என் மகள் ஊதிக்கொண்டிருந்தாள். இரண்டாவது நிமிடத்தில் காற்றாடி நின்றது. கண் அதே மாதிரி நிலைகுத்தியது. பதிவெடுத்த பெண் எதுவும் சொல்லாமல் ஒரு பட்டனை மட்டும் தட்டினார். காற்றாடி மறுபடி சுற்ற ஆரம்பித்தது. முடிந்ததும் அவரிடம் “ஏதாவது தெரிஞ்சுதா?” என்று கேட்டேன், “டாக்டர் சொல்வாங்க” என்றார். அவர்கள் சொல்லக் கூடாது, அது விதி. அவர்கள் முகத்தைப் பார்த்து ஜோசியம் பார்க்காதீர்கள். பசை இரண்டு மூன்று தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால்தான் போகும், கண்டிஷனர் போட்டுச் சீவினால் கொஞ்சம் சுலபம்.

ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தால் வலிப்பு நோய் இல்லை என்று அர்த்தமில்லை. பதிவெடுத்த அந்த அரை மணி நேரத்தில் ஒன்றும் சிக்கவில்லை, அவ்வளவுதான். அதேபோல, வலிப்பே வராத பிள்ளைகள் சிலருக்கும் பதிவில் மாற்றம் தெரியும். அதனால் ரிப்போர்ட் தாளைத் தனியாகப் படித்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. இதில் கதிர்வீச்சு இல்லை, காந்தம்தான் வேலை செய்கிறது. சி.டி. ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் உண்டு, ஆனால் சீக்கிரம் முடியும் என்பதால் அவசரத்தில் அதைத்தான் எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ.க்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். உள்ளே தட்தட்டென்று பெரிய சத்தம் வரும், காதுக்கு மூடி கொடுப்பார்கள். வீட்டில் சிலை விளையாட்டு விளையாடிப் பழக்கினால் ஆறு, ஏழு வயதுக்கு மேல் சில பிள்ளைகள் மயக்க மருந்தில்லாமலே சமாளித்துவிடுவார்கள். அதற்குக் கீழே பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான்.

மயக்கம் என்றால் வெறும் வயிறு. வழக்கமான கணக்கு இது: திட உணவும் பவுடர் பாலும் 6 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் மாதிரி தெளிந்த திரவம் 2 மணி நேரம். தண்ணீருக்கு இன்னும் குறைவான நேரம் சொல்லும் மருத்துவமனைகளும் உண்டு, உங்களுக்குச் சொன்ன நேரத்தையே பின்பற்றுங்கள். ‘பாவம், ஒரே ஒரு பிஸ்கட்’ என்று யாராவது கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. பரிசோதனை தள்ளிப்போனால் பரவாயில்லை. சளி, காய்ச்சல், ஆடும் பல் இருந்தாலும் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குங்கள், பசியோடு காத்திருப்பதுதான் அன்றைக்குப் பெரிய கஷ்டம்.

யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள் ஆளே மாறினது போல அலறும், உங்களைத் தள்ளிவிடும், அடையாளம் தெரியாத மாதிரி முழிக்கும். பார்க்கவே வயிற்றைப் பிசையும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், பிள்ளைக்கு அது ஞாபகமும் இருக்காது. தூக்கி வைத்துக்கொண்டு, பேச்சைக் குறைத்து, வெளிச்சத்தைக் குறைத்துக் காத்திருங்கள்.

குழந்தைப் பருவ வலிப்பு பலவற்றில் எம்.ஆர்.ஐ. நார்மலாகத்தான் இருக்கும். இன்னொரு பக்கம், நோய்க்குச் சம்பந்தமே இல்லாத சின்ன நீர்க்கட்டி மாதிரி ஏதாவது தற்செயலாகத் தெரிந்து ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ‘இதற்கும் என் பிள்ளைக்கு வருவதற்கும் தொடர்பு உண்டா?’ என்று நேராகக் கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனை. மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டு, ஆனால் அதை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் முன்பே பூச வேண்டும். போனவுடன் கேட்டு வாங்குங்கள். நாலு பேர் சேர்ந்து மல்லாக்கப் படுக்க வைத்து அமுக்குவதைவிட, உங்கள் மடியில் நெஞ்சோடு அணைத்து உட்கார வைத்து ஒரு கையை மட்டும் நீட்டுவது பிள்ளைக்குப் பயத்தைக் குறைக்கும், ஊசி போடுபவருக்கும் வசதி. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம்.

முதுகில் நீர் எடுப்பது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள். கேட்டவுடன் பலருக்கும் வருவது ‘கால் விளங்காமல் போய்விடுமோ’ என்ற பயம். ஊசி போவது தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே, அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிள்ளையின் முதுகை வளைத்து, அசையாமல் பிடித்துக்கொள்வது முக்கியம். பிறகு தலைவலி வரலாம். மூளைக்காய்ச்சல் சந்தேகம் என்றால் யோசித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

நரம்பு வழியே செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்பு கடத்தல் சோதனையில் சின்னச் சின்ன மின் அதிர்வு கொடுப்பார்கள். அது சுள்ளென்று இருக்கும். முன்பே சொல்லிவிடுங்கள்.

மரபணுப் பரிசோதனை. எடுப்பது கொஞ்சம் ரத்தமோ எச்சிலோதான், காத்திருப்பு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். முடிவு ‘காரணம் இதுதான்’ என்றும் வரலாம், ‘ஒன்றும் தெரியவில்லை’ என்றும் வரலாம். மூன்றாவதாக ஒன்று உண்டு: ‘ஒரு மாற்றம் தெரிகிறது, ஆனால் அதற்கு அர்த்தம் உறுதியாகத் தெரியவில்லை’. இந்த மூன்றாவது பதிலை நோய் உறுதியானதாக எடுத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோர் நிறையப் பேர். பிற்பாடு அது ஒன்றுமில்லை என்று மாறுவதும் உண்டு. பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் கேட்பார்கள், பிள்ளையின் மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க. ‘உங்க பக்கமா, எங்க பக்கமா’ என்ற சண்டை அப்போதுதான் வீட்டில் முளைக்கும். கடுமையான நரம்பு நோய்களுக்குக் காரணமான மாற்றங்களில் பல, அம்மாவிடமும் இல்லாமல் அப்பாவிடமும் இல்லாமல் கரு உருவாகும்போது புதிதாக நேர்ந்தவை. யாருடைய குற்றமும் அதில் கிடையாது.

வளர்ச்சி மதிப்பீட்டில் ஊசி இல்லை, கட்டை அடுக்குவதும் படம் காட்டுவதும்தான். எடுத்துக் கொடுக்க நம் நாக்கு துறுதுறுக்கும். வாயை மூடிக்கொண்டு இருங்கள். “வீட்டுல இது செய்வான், இங்க வெட்கப்படுறான்” என்பதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: காத்திருக்கும் நாட்கள்

இரவு இரண்டு மணிக்குப் போனில் தேடாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் கேட்கவில்லை. தேடினால், தோன்றிய கேள்வியை மட்டும் நோட்டில் எழுதிவிட்டுப் படுங்கள்.

பெயர் தெரிந்த பிறகுதான் பயிற்சி ஆரம்பிக்க வேண்டும் என்று இல்லை. பேச்சு தாமதம் என்றால் பேச்சுப் பயிற்சியை, உடல் தளர்வு என்றால் இயன்முறைப் பயிற்சியை இப்போதே தொடங்கலாம். பெருமூளை வாதத்தை முன்பெல்லாம் ஒன்று, ஒன்றரை வயதுக்கு மேல்தான் உறுதி செய்வார்கள். இப்போது, குறைமாதம் மாதிரி ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளில் ஆறு மாதத்துக்கு முன்பே பலருக்குக் கண்டுபிடித்துவிட முடிகிறது. இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பதே, சின்ன வயது மூளை பயிற்சிக்கு நன்றாக வளைந்துகொடுக்கும் என்பதால்தான்.

விசாரிக்க வருபவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். “டெஸ்ட் போயிட்டிருக்கு, தெரிஞ்சதும் சொல்றோம்” என்ற ஒரே வாக்கியத்தை நானும் என் கணவரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டோம். வேறு எதுவும் சொல்வதில்லை என்று ஒப்பந்தம்.

ஆறாம் படி: பெயர் சொல்லும் நாள்

இரண்டு பெரியவர்கள் போங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூன்றாவதாக ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. நோயின் பெயரைக் கேட்ட நிமிடத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்வது எதுவும் மண்டையில் ஏறாது. அதனால் எழுதுவது ஒருவர் வேலை. மருத்துவர் அனுமதித்தால் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நோயின் முழுப் பெயரை அவர் கையால் எழுதி வாங்குங்கள். இது உறுதியா, வலுவான சந்தேகமா? இந்த வாரம் நாங்கள் என்ன மாற்ற வேண்டும்? எதைப் பார்த்தால் உடனே வர வேண்டும்? இவ்வளவு போதும் அன்றைக்கு. பத்து வருஷத்துக்கு அப்புறம் என்ன ஆகும் என்பதை அடுத்த சந்திப்புக்கு வையுங்கள், அதற்கு இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தேதியும் கேட்டு வாங்குங்கள்.

பெயர் எதற்கு, மருந்து கொடுத்தால் போதாதா என்று எனக்கே தோன்றியிருக்கிறது. பெயர்தான் மருந்தைத் தீர்மானிக்கிறது. கார்பமாசெபைன் பல வகை வலிப்புக்கு நல்ல மருந்து. என் மகளுக்கு இருக்கும், சில நொடி வெறித்துப் பார்க்கும் ‘ஆப்சன்ஸ்’ வகையில் அது நிலைமையை மோசமாக்கக்கூடும். கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடுமையான வலிப்பு நோயான டிராவெட் சின்ட்ரோமிலும் அப்படித்தான்.

இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பது துரோகம் இல்லை. ரிப்போர்ட், ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க், வீடியோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து வரும்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி, ‘அப்பாடா, நான் கற்பனை செய்யவில்லை’ என்று. கோபம் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது, குளியலறையில், காரணமே இல்லாமல். என் கணவர் மூன்று மாதம் எதுவும் பேசவில்லை, அப்புறம் ஒருநாள் வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதார். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் துக்கம் வராது. ‘உனக்கு அக்கறையே இல்லை’ என்று மட்டும் ஒருவரையொருவர் சொல்லிவிடாதீர்கள்.

எல்லாச் சோதனையும் முடிந்து பெயரே கிடைக்காத பிள்ளைகளும் உண்டு. அப்போது ஃபைலை மூடிவிடாமல், ஓரிரு வருஷம் கழித்து மரபணு முடிவுகளை மறுபடி பார்க்க முடியுமா என்று கேட்டு வையுங்கள். பிள்ளையின் ரத்தம் அதேதான், அதைப் படிக்கும் அறிவு வருஷா வருஷம் கூடுகிறது.

ஏழாம் படி: அதற்கு அப்புறம்

வலிப்புள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை சரியான மருந்தால் வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால், அடுத்த கட்டமாக கீட்டோஜெனிக் உணவுமுறை (கொழுப்பைக் கூட்டி, மாவுச்சத்தை மிகவும் குறைப்பது), அறுவை சிகிச்சை பற்றிச் சிறப்பு மையத்தில் கேட்க வேண்டிய நேரம் அது. வருஷக்கணக்கில் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

சிரப் கொடுக்கும்போது மில்லிகிராமும் மில்லிலிட்டரும் ஒன்றில்லை. கம்பெனி மாறினால் ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் மருந்தின் அளவும் மாறலாம். ஒவ்வொரு புதுப் பாட்டிலிலும் படித்துப் பாருங்கள், சமையல் கரண்டியில் அளக்காதீர்கள், ஊசியில்லாத சிரிஞ்சில் அளவெடுங்கள். மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுப்பதா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது, கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதுவும் வைக்கக் கூடாது. கையில் இரும்பு கொடுப்பது, கை காலை அழுத்திப் பிடிப்பது எதனாலும் பயனில்லை. தண்ணீர்தான் உண்மையான ஆபத்து: குளியல் தொட்டி, வாளி, நீச்சல் குளம் எங்கேயும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.

பிள்ளைக்கு அதன் நோயின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள், வயதுக்குத் தகுந்த அளவில். என் மகள் ஐந்து வயதில் “என் மூளை கொஞ்சம் நேரம் ஸ்டாப் ஆகும், அப்புறம் ஆன் ஆகும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் சரியான பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டாள். கூடப் பிறந்தவர்களுக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இது ஒட்டிக்கொள்ளாது, அவர்கள் சண்டை போட்டதால் வரவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவர்களோடு மட்டும் இருங்கள், அந்த ஒரு மணியில் மருத்துவமனைப் பேச்சு வேண்டாம்.

பள்ளிக்கு ஒரே பக்கத்தில் ஒரு தாள் கொடுங்கள். பிள்ளைக்கு வருவது பார்க்க எப்படி இருக்கும், எவ்வளவு நேரம், என்ன செய்ய வேண்டும், எப்போது ஆம்புலன்ஸ், யாருக்கு போன், தினசரி மருந்து என்ன, மூக்கிலோ கன்னத்துக்குள்ளோ விடும் அவசர மருந்து உண்டென்றால் எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். வெறித்துப் பார்க்கும் வகை என்றால் ‘கவனிக்காமல் கனவு காண்கிறாள் என்று திட்ட வேண்டாம், நின்ற இடத்திலிருந்து பாடத்தை ஒரு தடவை திரும்பச் சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள், வகுப்பாசிரியருக்கு அதுதான் தினமும் தேவைப்படும். தாளில் மேல் மூலையில் தேதி போடுங்கள். பிள்ளையின் எடை கூடக் கூட மருந்தின் அளவு மாறும். ஒவ்வொரு தடவை மாறும்போதும் புதுத் தாள் கொடுத்து, பழையதை அவர்கள் கையிலிருந்து திரும்ப வாங்கிக் கிழித்துப் போடுங்கள். பையில் ஒன்று, வண்டியில் ஒன்று, பாட்டி வீட்டில் ஒன்று இருக்கும், அவற்றையும்.